உழுதவரின் மனை யாருடையது?

ஆங்கிலேயர் ஆட்சியில் செங்கற்பட்டு மாவட்டத்தின் நிலவுரிமை பெரும்பாலும் மிராசுதார்களிடம் இருந்தது. பாயக்காரிகள் வாரத்துக்கு உழுதார்கள். படியாட்கள் களத்தில் அளந்து தந்த நெல்லுக்கு உழைத்தார்கள். இவர்களின் வறுமைக்கு மழை பொய்த்ததே காரணம் என்பார்கள். 1876-78 பஞ்சம் கொடியதுதான். ஆனால் ஏரி நிரம்பிய ஆண்டுகளிலும் அந்த வறுமை நீங்கவில்லையே! படியாளின் குடிசை நின்ற மனையையே மிராசுதார் தனதென்றார். கூலி கூட்டிக் கேட்டால் வேலையோடு வீடும் போகும். தரிசு நிலம் கேட்டுத் தர்க்காஸ்து என்னும் விண்ணப்பம் போட்டாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. படியாட்களில் பெரும்பாலோரான பறையர் மக்களின் நிலை பற்றி மாவட்ட ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை இந்தத் தடைகளைத்தான் அடுக்கிக் காட்டியது. அதன் விளைவாக 1892இல் பிறந்த அரசாணையே, ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களுக்குத் தொடக்கம்.

கஷ்டகாலத்தில் கைகொடுத்தவர் ஆண்டைதானே என்ற வாதமும் உண்டு. கொடுத்தது உண்மை, கடனாக. கல்யாணத்துக்கு வாங்கிய சிறு தொகை அடைபடாமல் மகனையும் அதே வயலில் கட்டிப்போட்டது. அதைக் கருணை என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. குத்தகை உழவரை வெளியேற்றாமல் காக்கும் சட்டம் 1955இல் வந்தது. விவசாயத் தொழிலாளர் குடியிருந்த மனையை அவர்களுக்கே சொந்தமாக்கும் சட்டத்துக்கு 1971வரை காத்திருக்க வேண்டியிருந்தது.