மருந்திலும் உணவிலும் சரியான அளவு: மூத்தோருக்கான மெட்ரிக் வழிகாட்டி

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை இன்னும் பிட் ஸ்ட்ரீட் என்றே சொல்லும் மூத்தோர் பலர் உண்டு. காட்டி, ராத்தல், பாரன்ஹீட் கணக்கும் அவர்களுக்கு மறக்கவில்லை. 1972ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டத்திற்குப் பின் மலேசியா படிப்படியாக மெட்ரிக் முறைக்கு மாறியது. இன்று உங்கள் மருந்துப் பையிலும் கிளினிக் அட்டையிலும் இருப்பது மெட்ரிக் அளவுதான். அதைச் சரியாகப் புரிந்துகொண்டால் மருந்தில் தவறு நேராது.

எடை
1 காட்டி ஏறக்குறைய 600 கிராம். 1 ராத்தல் 454 கிராம். 1 கிலோ என்பது 2.2 ராத்தல். இருதயம் பலவீனமானவர்கள் தினமும் காலையில் எடை பாருங்கள். 3 நாட்களில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் உடலில் நீர் சேர்ந்திருக்கலாம். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

திரவ மருந்து
மருந்துக் கணக்கில் 1 தேக்கரண்டி 5 மில்லிலிட்டர். மேசைக்கரண்டி 15 மில்லிலிட்டர், அதாவது மூன்று மடங்கு. வீட்டுக் கரண்டிகள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. மருந்தோடு தரும் அளவுக் குவளையையே பயன்படுத்துங்கள்.

மாத்திரை
1000 மில்லிகிராம் 1 கிராம். 500 மில்லிகிராம் அரை கிராம். புள்ளியைக் கவனியுங்கள்: 5 மில்லிகிராம் என்பது 0.5 மில்லிகிராமைவிடப் பத்து மடங்கு அதிகம்.

இரத்தத்தில் சீனி
இனிப்புநீர் உள்ளவர்கள் இதை அவசியம் அறிய வேண்டும். மலேசியாவில் சீனி அளவு மில்லிமோல் கணக்கில் சொல்லப்படும். தமிழ்நாட்டில் மில்லிகிராம் கணக்கு. நமது எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். இங்கே 7 என்றால் அங்கே 126. இங்கே 18 என்றால் அங்கே 324. ஊரில் உள்ள உறவினருக்கு 150, உங்களுக்கு 18 மட்டும்தான் என்று நிம்மதி அடையாதீர்கள். உங்கள் அளவுதான் மிக அதிகம். ஊரிலிருந்து சோதனைக் கருவி வாங்கி வந்தால், அது எந்தக் கணக்கில் காட்டுகிறது என்று முதலில் பாருங்கள்.

உப்பு
ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது 1 தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். ஊறுகாய், கருவாடு, கடைக்குழம்பு ஆகியவற்றில் உள்ள உப்பும் இதில் சேரும்.

காய்ச்சல்
37 டிகிரி செல்சியஸ் 98.6 டிகிரி பாரன்ஹீட்டுக்குச் சமம். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட், அல்லது அதற்கு மேல் இருந்தால் காய்ச்சல்.

தண்ணீர்
மருத்துவர் ஒரு நாளைக்கு 1 லிட்டர் என்று கட்டுப்படுத்தியிருந்தால், அது 500 மில்லிலிட்டர் போத்தல் இரண்டு. தேநீர், காப்பி, ரசம், கஞ்சி எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும்.

மருந்து வாங்கும்போது மூக்குக் கண்ணாடியைக் கொண்டு செல்லுங்கள். அளவு புரியாவிட்டால், "எத்தனை மில்லிலிட்டர், ஒரு நாளைக்கு எத்தனை முறை?" என்று மருந்தாளரிடம் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.