வைஃபை கோடு நிறைந்திருக்கிறது, இணையம் மட்டும் இல்லை: எக்ஸ்டெண்டரில் எங்கே கோளாறு?

கைப்பேசியில் வைஃபை கோடுகள் எல்லாம் நிறைந்திருக்கும். ஆனால் காணொலி சுற்றிக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடம் கழித்துத் தானாகவே வரும், மறுபடியும் போய்விடும். வைஃபை எக்ஸ்டெண்டர் வைத்திருக்கும் பல வீடுகளில் இதுதான் நிலைமை.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பிறகு, பிள்ளைகளின் இல்லிருப்புக் கற்றலுக்காக அவசரமாக வாங்கிய கருவி சில வீடுகளில் இன்றும் அதே சுவரில், அதே பிளக்கில் தொங்குகிறது. இன்று அதை நம்பித்தான் யூபியூ விண்ணப்பம், வங்கிக் கணக்கு, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளோடு பேசும் காணொலி அழைப்பு எல்லாம் நடக்கின்றன. விண்ணப்பம் முடியும் கடைசி நாளில் பாரத்தை அனுப்பும் நேரம் பார்த்து இணைப்பு அறுந்தால் அது வெறும் எரிச்சலோடு நிற்காது.

கருவி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி இன்னொன்று வாங்கும் முன், வரிசையாகச் சிலவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. பெரும்பாலானவற்றுக்கு ஒரு காசும் செலவில்லை.

எக்ஸ்டெண்டர் செய்வது என்ன?

எக்ஸ்டெண்டர் தானாக இணையத்தை உருவாக்குவதில்லை. ரூட்டரிடமிருந்து கேட்டதை மறுபடியும் உரக்கச் சொல்வது மட்டுமே அதன் வேலை. பெரட்டுக் களத்தில் சொல்வதைக் கடைசி வரிசை வீட்டுக்குக் கேட்க வைக்க, நடுவில் ஒருவரை நிறுத்துவது போன்றது இது. நடுவில் நிற்பவருக்கே சரியாகக் கேட்கவில்லை என்றால், அவர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் பயனில்லை.

கைப்பேசியில் தெரியும் கோடுகள் உங்களுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் இடையே உள்ள தொடர்பை மட்டுமே காட்டும். எக்ஸ்டெண்டருக்கும் ரூட்டருக்கும் இடையே என்ன நடக்கிறது என்பதை அவை காட்டுவதில்லை. கோடு நிறைந்திருந்தும் இணையம் வராததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

முதலில் யார் மீது தவறு?

இணைப்பு அறும் அந்த நேரத்தில் கைப்பேசியை எடுத்துக்கொண்டு ரூட்டர் பக்கத்தில் போய் நில்லுங்கள். கைப்பேசியை நேரடியாக ரூட்டரின் வைஃபையில் இணையுங்கள்.

அங்கும் இணையம் இல்லை என்றால் எக்ஸ்டெண்டரைக் குறை சொல்ல வேண்டாம். பிரச்சினை ரூட்டரிலோ வீட்டுக்கு வரும் இணைப்பிலோ இருக்கிறது. ஃபைபர் எட்டாத தோட்டப்புறங்களில் சிம் அட்டை போட்டு இயங்கும் 4ஜி ரூட்டரையே பலர் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பகுதியின் கோபுரத்தில் இரவு நேரம் நெரிசல் கூடினால் வேகம் குறையும். அதற்கு எத்தனை எக்ஸ்டெண்டர் வைத்தாலும் தீர்வு கிடைக்காது. அத்தகைய ரூட்டரைக் கோபுரத்தை நோக்கிய சன்னல் ஓரமாக, உயரத்தில் வைத்துப் பார்ப்பதே முதல் வேலை.

ரூட்டர் பக்கத்தில் நன்றாக வருகிறது, எக்ஸ்டெண்டர் வழியாகத்தான் அறுகிறது என்றால் மேலே படியுங்கள். எக்ஸ்டெண்டரின் வைஃபைக்கு ரூட்டரின் பெயரையே வைத்திருந்தால், இந்தச் சோதனை முடியும் வரை வேறு பெயர் கொடுத்து வையுங்கள். அப்போதுதான் கைப்பேசி எதில் ஒட்டியிருக்கிறது என்று தெரியும்.

இடம்தான் பாதி வைத்தியம்

இணையம் வராத அறையிலேயே எக்ஸ்டெண்டரைக் குத்தி வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அந்த அறைக்கு ரூட்டரின் அலை வருவதில்லை என்பதால்தானே எக்ஸ்டெண்டரே வாங்கினோம்? அது நிற்க வேண்டிய இடம் ரூட்டருக்கும் அந்த அறைக்கும் நடுப்பகுதி. ஐயம் இருந்தால் ரூட்டர் பக்கமாகவே கொஞ்சம் நகர்த்துங்கள்.

தாமான் வரிசை வீடுகளில் ரூட்டர் முன் வரவேற்பறையில் இருக்கும். பின்னால் நீட்டிக் கட்டிய சமையலறையில் அலை கிடைக்காது. பழைய வெளிச்சுவர் இப்போது வீட்டுக்குள் நடுச்சுவராக நிற்பதே காரணம். செங்கல், கான்கிரீட் சுவர்கள் அலையை விழுங்கும். குளிர்பதனப் பெட்டி, தகரம், பெரிய நிலைக்கண்ணாடி ஆகியவை அலையைத் திருப்பி அனுப்பும். மீன் தொட்டியில் உள்ள தண்ணீரும் அலையை உறிஞ்சும். இவற்றுக்குப் பின்னால் கருவியை மறைத்து வைக்காதீர்கள்.

பல எக்ஸ்டெண்டர்களில் ரூட்டரின் அலை எவ்வளவு கிடைக்கிறது என்று காட்டும் விளக்கு உண்டு. எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்பது கருவிக்குக் கருவி மாறும்; கையேட்டில் பாருங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வைஃபை அலையை அளக்கும் இலவசச் செயலிகளும் உள்ளன. எக்ஸ்டெண்டர் வைக்கப்போகும் இடத்தில் நின்று ரூட்டரின் அலையை அளந்து பாருங்கள். அளவு கழித்தல் குறியோடு வரும். பூச்சியத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 50 மிக நன்று. மைனஸ் 65 வரை சமாளிக்கும். மைனஸ் 75 என்றால் அந்த இடம் வேண்டாம்.

2.4 அல்லது 5: எது ஏற்றது?

வைஃபை பொதுவாக இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, ஆனால் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரில் விரைவில் சோர்ந்துவிடும். எக்ஸ்டெண்டர் தூரத்தில் இருந்துகொண்டு ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸைப் பிடித்துத் தொங்கினால் அடிக்கடி அறும். அமைப்புப் பக்கத்தில் ரூட்டரோடு 2.4இல் இணையச் சொல்லிப் பாருங்கள். வேகம் குறையலாம், இணைப்பு நிலைக்கும்.

2.4இல் மட்டும் இயங்கும் பழைய கருவிகள் ஒரே அலைவரிசையில் கேட்கவும் வேண்டும், சொல்லவும் வேண்டும். அதனால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அது கோளாறு அல்ல, அக்கருவியின் இயல்பு. மைக்ரோவேவ் அடுப்பும் 2.4க்கு அருகிலேயே இயங்குவதால், சோறு சூடாக்கும் நேரத்தில் மட்டும் இணைப்பு தடுமாறினால் காரணம் தேடி அலைய வேண்டாம்.

ரூட்டர் சேனல் மாற்றும்போது

ஒவ்வோர் அலைவரிசையும் சேனல்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பல ரூட்டர்கள் தாமாகவே சேனலை மாற்றிக்கொள்ளும்படி வைக்கப்பட்டிருக்கும். ரூட்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் எக்ஸ்டெண்டர் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். அந்த இடைவெளியில் இணைப்பு அறும்.

ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் இதை நிலையாக வைக்கலாம். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று உலாவியில் தட்டினால் அந்தப் பக்கம் திறக்கும். ரூட்டரின் அடியில் ஒட்டியுள்ள தாளிலும் முகவரி இருக்கும். 2.4க்கு 1, 6, 11 ஆகிய மூன்றில் அக்கம்பக்கத்து வீடுகள் குறைவாகப் பயன்படுத்தும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. 5க்கு 36, 40, 44, 48 ஆகியவற்றில் ஒன்று போதும். 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடார் கருவிகளோடு பகிரப்படுபவை. ரேடார் அலை தென்பட்டால் ரூட்டர் உடனே அங்கிருந்து விலக வேண்டும். சில எக்ஸ்டெண்டர்களுக்கு அந்தச் சேனல்களே தெரியாது.

முகவரிக் குழப்பம்

வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் ஓர் எண் முகவரி கொடுக்கும். முகவரி கொடுப்பவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். பழைய ரூட்டரை எக்ஸ்டெண்டராக மாற்றிப் பயன்படுத்தும் வீடுகளில், அந்தப் பழைய ரூட்டரும் முகவரி கொடுக்கத் தொடங்கிவிடும். சில கைப்பேசிகள் இணையும், சில இணையா. இன்று வரும், நாளை வராது. பழைய ரூட்டரில் டிஹெச்சிபி என்ற அமைப்பை அணைத்துவிட்டு, முதன்மை ரூட்டரின் முகவரியோடு மோதாத வேறு முகவரியை அதற்குக் கொடுங்கள்.

இணையச் சேவை நிறுவனம் புதிய ரூட்டர் தந்த பிறகு தொல்லை தொடங்கியிருந்தால் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். ரூட்டர் டபிள்யூபிஏ3இல் மட்டும் இருந்தால் பழைய எக்ஸ்டெண்டர் இணையாது. டபிள்யூபிஏ2வும் டபிள்யூபிஏ3யும் கலந்த முறைக்கு மாற்றினால் போதும். தொல்லைக்குப் பயந்து கடவுச்சொல்லையே எடுத்துவிடாதீர்கள்.

சூடும் மின்னலும்

அடுப்புக்கு மேலும் திரைச்சீலைக்குப் பின்னும் இருக்கும் எக்ஸ்டெண்டர் சூடேறித் தானாகவே அணைந்து எழும். காற்றோட்டமான சுவர் பிளக்கில் மாற்றுங்கள். நம் நாட்டு இடி மின்னல் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வானம் இருட்டும்போதே ரூட்டர், எக்ஸ்டெண்டர் இரண்டின் பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.

கருவியின் மென்பொருளைப் புதுப்பித்த பிறகும் தொல்லை இருந்தால், சிறு துளையில் உள்ள ரீசெட் பொத்தானை விளக்குகள் மாறும்வரை ஊசியால் அழுத்தி, முதலிலிருந்து அமையுங்கள். இந்த முறை ரூட்டருக்குப் பக்கத்திலேயே வைத்து அமைத்துவிட்டு, பிறகு அதன் இடத்துக்குக் கொண்டு போங்கள்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

இத்தனைக்குப் பிறகும் சரிவரவில்லை என்றால், முதலில் ஒரு லேன் கம்பி இழுக்க முடியுமா என்று யோசியுங்கள். ஒரே கம்பி 100 மீட்டர் வரை போகும். அக்சஸ் பாயிண்ட் முறை உள்ள எக்ஸ்டெண்டராக இருந்தால் அதையே கம்பியில் இணைக்கலாம். அப்போது ரூட்டர் சொல்வது அதற்கு அலையில் கேட்காமல் போகும் பேச்சுக்கே இடமில்லை. கம்பி இழுக்க வழியில்லாத மாடி வீடுகளுக்கு மெஷ் கருவிகள் பொருந்தும். எதை வாங்கினாலும் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

ரூட்டர் பக்கத்திலேயே இணையம் இல்லை என்பது உங்கள் நிலை என்றால், அறுந்த நாளையும் நேரத்தையும் ஒரு வாரத்துக்குக் குறித்து வைத்து, இணையச் சேவை நிறுவனத்திடம் புகார் செய்து புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அங்கு தீர்வு கிடைக்காவிட்டால் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையமான எம்சிஎம்சியிடம் அதே குறிப்புகளோடு புகார் செய்யலாம். மாதந்தோறும் கட்டணம் கட்டுகிறோம்; கேட்பதில் தயக்கம் வேண்டாம்.