பழைய கணினி: வைத்துக்கொள்வதா, விற்பதா?

2025 அக்டோபர் 14 அன்று உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கணினிகள் ஒரே நாளில் பழையவை ஆகிவிட்டன. அன்று எந்தக் கணினியிலும் எதுவும் உடையவில்லை. காலையில் ஓடியது மாலையிலும் ஓடியது. விண்டோஸ் 10-க்கு வழக்கமாகத் தந்துவந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் அன்றோடு நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் நிபந்தனைகள் உண்டு. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் 2017-ன் பிற்பகுதியில் வந்த எட்டாம் தலைமுறை புராசஸராவது இருக்க வேண்டும். 2018 தொடக்கத்தில் ஆசையாக வாங்கிய ஏழாம் தலைமுறை லேப்டாப்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன.

அன்றிலிருந்து வீடுகளிலும் டியூஷன் சென்டர்களிலும் சிறு அலுவலகங்களிலும் ஒரே பேச்சு: இதை இன்னும் வைத்துக்கொள்ளலாமா, வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா? கடைக்குக் கொண்டுபோனால் முதலில் கேட்பது எந்த வருஷத்து மெஷின் என்பதைத்தான். கணினியின் தரத்தை ஆண்டைக் கொண்டு அளப்பது ஒரு காலத்தில் சரியாக இருந்தது. இன்று அப்படி அளந்தால் நல்ல கணினிகளைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடுவோம்.

1993-ல் வந்த முதல் பென்டியம் 60, 66 மெகாஹெர்ட்ஸ் வேகங்களில் ஓடியது. 2000-ல் புராசஸர்கள் ஒரு கிகாஹெர்ட்ஸைத் தொட்டன. 2004 கடைசியில் பென்டியம் 4-ன் வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸ். பதினோரு ஆண்டுகளில் ஏறக்குறைய அறுபது மடங்கு! அந்தக் காலத்தில் ஐந்து வருடக் கணினி என்றால் உண்மையிலேயே கிழம்தான். இந்தப் பாய்ச்சலுக்குப் பின்னால் இருந்த இயற்பியலை ஐபிஎம் பொறியாளர் ராபர்ட் டெனார்டும் அவரது சகாக்களும் 1974-ல் விளக்கியிருந்தார்கள். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது அதற்குத் தரும் மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைக்கலாம். எனவே அதே பரப்பில் அதிக டிரான்சிஸ்டர்களை வைத்து, அவற்றை இன்னும் வேகமாக ஓட்டினாலும் வெப்பம் கூடாது.

2005-ஐ ஒட்டி இந்தக் கணக்கு முறிந்தது. மின்னழுத்தத்தை அதற்கு மேல் குறைத்தால் அணைந்திருக்க வேண்டிய டிரான்சிஸ்டர்களிலும் மின்சாரம் கசிந்தது. கசிவு வெப்பமானது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ வெளியிடப்போவதாகச் சொல்லியிருந்த இன்டெல், 2004 அக்டோபரில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. அதன்பிறகு ஒரே சிப்பில் இரண்டு, நான்கு, எட்டு என்று கோர்களைக் கூட்டும் வழிதான் மிஞ்சியது. புதிய புராசஸர்கள் இன்றும் மேம்படுகின்றன, ஆனால் படிப்படியாகத்தான். கடிதம் தட்டச்சு செய்யவும், வங்கிக் கணக்கைப் பார்க்கவும், பிள்ளைகள் வீடியோ பாடம் கேட்கவும் 2015-ன் புராசஸரே தாராளம்.

அப்படியானால் வீட்டுக் கணினி ஏன் ஆமையாக நகர்கிறது? பெரும்பாலும் புராசஸர் அதற்குக் காரணமே இல்லை. பழைய லேப்டாப்களின் ஹார்ட் டிஸ்க்கில் காந்தத் தட்டு ஒன்று நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது, அதாவது நொடிக்கு 90 சுற்று. வேண்டிய தகவல் படிக்கும் முனைக்கு நேராக வர சராசரியாக அரைச் சுற்று, ஐந்தரை மில்லிநொடி, காத்திருக்க வேண்டும். அதற்கு முன் அந்த முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்கு இன்னொரு பத்து மில்லிநொடி. தட்டில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை இப்படித் தேடி எடுத்தால் நொடிக்கு நூறைத் தாண்டுவதே கடினம். விண்டோஸ் தொடங்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கிறது. ஹார்ட் டிஸ்க்கின் இடத்தில் இப்போது வரும் எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. ஒரு தகவலை எடுக்க மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்கே ஆகும். நொடிக்குப் பல்லாயிரம் கோரிக்கைகளை அது கையாளும்.

இதை நீங்களே சோதிக்கலாம். கணினி திணறும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். சிபியு 20 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா? புராசஸர் வேலையில்லாமல் டிஸ்குக்காகக் காத்துக்கிடக்கிறது என்று பொருள். எஸ்எஸ்டி மாற்றினால் அந்தக் கணினி புத்துயிர் பெறும். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறதா? ரேம் போதாமல் டிஸ்க்கையே ரேமாகப் பயன்படுத்துகிறது, அதனால் இன்னும் மெதுவாகிறது. 4 ஜிபியை 8 ஆக்கினால் தீரும். மாறாக, சிபியுவே எந்நேரமும் நூறில் நிற்கிறது, அதுவும் நீங்கள் அன்றாடம் செய்யும் வேலைக்கே நிற்கிறது என்றால், அதற்கு வீட்டில் வைத்தியம் இல்லை. அந்த மெஷினை மாற்றலாம்.

எஸ்எஸ்டியோ ரேமோ வாங்கும் முன் லேப்டாப்பின் பின்மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். விலை குறைந்த மெல்லிய லேப்டாப்கள் சிலவற்றில் ரேமும் சேமிப்பகமும் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். அவற்றை மாற்ற முடியாது. எட்டு வருடத்துக்கு முந்தைய தடித்த அலுவலக லேப்டாப், மூன்று வருடத்துக்கு முந்தைய மெல்லிய லேப்டாப்பைவிட நீடிப்பது இதனால்தான்.

வேகம் சரியானாலும் பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறது. அதை அலட்சியப்படுத்தவே கூடாது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பிணைத்தொகை வைரஸ் உலகெங்கும் பரவி, பிரிட்டனின் பொது மருத்துவமனைகளைக்கூட முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. மாட்டிக்கொண்டவை, அதைப் போட்டுக்கொள்ளாத கணினிகள். ஆகவே புதுப்பிப்பு நின்றுபோன விண்டோஸில் வங்கி வேலை செய்யாதீர்கள். விண்டோஸ் 10 பயனர்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிந்து 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு பெறும் ஏற்பாடு உண்டு. அதற்கும் முன்னால், கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்பைத் திறந்து பாருங்கள். டிபிஎம் 2.0 பல கணினிகளில் இன்டெல்லில் பிடிடி என்றும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் வேறு பெயரில் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. எட்டாம் தலைமுறைக் கணினி ஒன்று அந்த ஒரு சுவிட்சால் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெற்றுவிடலாம்.

அது முடியாதவர்களுக்கு லினக்ஸ் இருக்கிறது. லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளங்கள் இந்தப் பழைய வன்பொருளில் சிரமமின்றி ஓடுகின்றன, புதுப்பிப்புகளும் தொடர்ந்து வருகின்றன. தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தொடக்கத்தில் கொடுத்த கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அந்தத் திட்டத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர் கைக்குப் போயின. அவற்றில் எத்தனையோ இன்று பரண்களில் கிடக்கின்றன. எஸ்எஸ்டியும் கூடுதல் ரேமும் போட்டு, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை ஏற்றினால், தம்பி தங்கைகள் தட்டச்சு பழகவும் பைத்தான் எழுதிப் பார்க்கவும் அவை போதும். வீடியோ எடிட்டிங்கை எதிர்பார்க்கக் கூடாது.

வேகம், பாதுகாப்பு எல்லாவற்றையும் மீறி வைத்திருக்க வேண்டிய கணினிகளும் உண்டு. நம் அச்சகங்களில் இதைப் பார்க்கலாம். மூலையில் ஒரு விண்டோஸ் எக்ஸ்பி கணினி, அதில் 2001-ல் வந்த பேஜ்மேக்கர் 7. அடோபி அந்த மென்பொருளை அதன்பின் வளர்க்கவில்லை. கோயில் கும்பாபிஷேக மலர், ஊர் வரலாறு, சங்கத்தின் பொன்விழா மலர் என்று பல ஆண்டு உழைப்பு அந்த ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. யூனிகோடு பரவும் முன் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டில் இயங்கின. 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளைத் தரப்படுத்திய பிறகும் பாமினி போன்றவை தம் போக்கில் புழங்கின. யூனிகோடு அரசின் தரமாக அறிவிக்கப்பட்டது 2010-ல்தான். அந்தப் பழைய எழுத்துரு இல்லாமல் கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளின் குப்பைதான் வரும்.

எனவே அந்தக் கணினியின் மதிப்பு அதன் பாகங்களில் இல்லை, உள்ளே இருக்கும் கோப்புகளில் இருக்கிறது. ஆனால் இருபது வருட ஹார்ட் டிஸ்க் சொல்லிக்கொண்டு சாவதில்லை. முதலில் இணையத்திலிருந்து கழற்றுங்கள். எழுத்துருக்களையும் கோப்புகளையும் வேறு இரண்டு இடங்களில் நகலெடுங்கள். முக்கியமானவற்றைப் பிடிஎஃப் ஆக்கி, உரையை யூனிகோடுக்கு மாற்றுங்கள். எக்ஸ்பியை முழுதாக ஒரு விர்ச்சுவல் மெஷினாகப் புதிய கணினிக்குள் குடியேற்றவும் முடியும். இவ்வளவும் முடிந்த பிறகு விற்பதைப் பற்றி யோசிக்கலாம்.

தயங்காமல் விடைகொடுக்க வேண்டியவையும் இருக்கின்றன. பென்டியம் 4 புராசஸர் மட்டுமே முழு வேலையில் 115 வாட் வரை வெப்பம் கக்கியது. கேபினெட்டும் பெட்டி மானிட்டரும் சேர்த்து 200 வாட் என்று வைத்துக்கொண்டால், தினம் எட்டு மணி நேரம், மாதம் 25 நாளுக்கு 40 யூனிட். அதே வேலையை 20 வாட் லேப்டாப் 4 யூனிட்டில் முடித்துவிடும். 32 பிட் புராசஸர்களுக்கும் வழி அடைபட்டுவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 லினக்ஸை வழக்கமான 32 பிட் கணினிகளில் நேரடியாக நிறுவ முடியாது. புதுப்பிக்கப்பட்ட பிரவுசர் கிடைக்காத கணினி, இணையத்தைப் பொறுத்தவரை செத்த கணினிதான். பேட்டரி உப்பி டச்பேடைத் தூக்கிவிட்ட லேப்டாப்பை ஒரு நாளும் சார்ஜில் போடாதீர்கள். பேட்டரியை சர்வீஸ் கடையில் கழற்றிவிட்டுத்தான் மற்ற முடிவு.

இந்த வகைகளில் சேராத எதையும் வைத்துக்கொள்ளலாம் என்பதே என் கருத்து. காரணம், கணினி தன் வாழ்நாளில் ஏற்படுத்தும் சுற்றுச்சூழல் சேதத்தில் பெரும்பகுதியை முதல் முறை ஆன் செய்வதற்கு முன்பே ஏற்படுத்திவிடுகிறது. எரிக் வில்லியம்ஸ் குழுவினர் 2002-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இரண்டு கிராம் எடையுள்ள ஒரே ஒரு மெமரி சிப்பைச் செய்யவும் பயன்படுத்தவும் 1.6 கிலோ புதைபடிவ எரிபொருளும், செய்வதற்கு மட்டும் 32 கிலோ நீரும் செலவாயின. லேப்டாப்பின் கரியமிலத் தடத்திலும் பெரும்பங்கு தயாரிப்பின்போதே உருவாகிறது. ஆக, இருப்பதை மூன்று வருடம் கூடுதலாக ஓட்டுவதே பெரிய சேமிப்பு.

விற்பது என்று முடிவானால் தாமதிக்காதீர்கள். பெட்டியாகப் பரணில் வைத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் விலை இறங்கும். பாகங்கள் சில நேரம் விதிவிலக்கு. 2025 இறுதியில் மெமரி உற்பத்தி செயற்கை நுண்ணறிவு சர்வர்களின் பக்கம் திரும்பியதால் ரேம் விலை உலகெங்கும் ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், பொதுமக்களுக்கான தன் க்ரூஷியல் விற்பனையை நிறுத்துவதாகவே அறிவித்தது. கடைக்காரர் உங்கள் பழைய மெஷினைப் பார்க்கும்போது ரேமையும் எஸ்எஸ்டியையும்தான் பார்க்கிறார். பேரம் பேசும் முன் இரண்டும் எத்தனை ஜிபி என்று தெரிந்துகொண்டு போங்கள்.

விற்கும் முன் தகவலை அழிப்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். டெலீட் செய்வதும் சாதாரண ஃபார்மட்டும், புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழித்துவிட்டு மற்ற பக்கங்களை அப்படியே கொடுப்பது போன்றவை. எம்ஐடி ஆய்வாளர்கள் சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலாட்டும் 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கிச் சோதித்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்த 129-ல் பன்னிரண்டே பன்னிரண்டுதான் ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தன. மற்றவற்றிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. சுழலும் டிஸ்க் என்றால் முழுதும் ஒருமுறை மேலெழுதி அழியுங்கள். எஸ்எஸ்டிக்கு அது போதாது. அதன் கட்டுப்பாட்டுச் சிப் தகவலை இடம் மாற்றி மாற்றி எழுதுவதால் பழைய பிரதி எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும். தயாரிப்பாளர் தரும் செக்யூர் எரேஸ் வசதியைப் பயன்படுத்துங்கள். எளிய வழி, டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மெஷினை மட்டும் விற்பது. சில நூறு ரூபாய் குறையும், ஆதாரும் பான் கார்டும் குடும்பப் படங்களும் உங்களிடமே இருக்கும்.

ஓடாததை எடைக்குப் போடாதீர்கள். 2022-ல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். மீதியில் ஒரு பகுதி வயரை எரித்துச் செம்பும், அமிலத்தில் முக்கித் தங்கமும் எடுக்கும் ஏழைத் தொழிலாளர்களின் நுரையீரல் வழியாகப் போகிறது. பழைய பெட்டி மானிட்டர் ஒன்றின் கண்ணாடியில் ஒரு கிலோவுக்கும் மேல் ஈயம் உண்டு. இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, விற்ற பொருட்கள் கழிவானதும் அவற்றை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. உங்கள் கணினி எந்த பிராண்டோ அந்த நிறுவனத்தின் சேவை மையத்திலோ, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடமோ கொடுங்கள்.

பரணில் லேப்டாப் இருந்தால் கோடை வெயில் ஏறுவதற்குள் கீழே இறக்குங்கள். வெப்பம் லித்தியம் பேட்டரிக்கு ஆகாது. பேட்டரி உப்பாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆன் செய்து, டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டிஸ்க் எத்தனை சதவீதம் காட்டுகிறது என்று பாருங்கள்.