குழந்தையின் கூந்தலில் சிக்கா? இழுக்காதீர்கள்!

“அம்மா, நோவுது! வேண்டாம்மா!”

“கொஞ்சம் பொறு கண்ணு, முடிஞ்சுது!”

கோவையிலும், ஈரோட்டிலும், பொள்ளாச்சியிலும் நீண்ட கூந்தல் உள்ள குழந்தை இருக்கிற வீடுகளில், காலை நேரத்தில் இந்தச் சத்தம் கேட்கும். பள்ளிக்கூட வண்டி தெருமுனைக்கு வந்துவிடும். தாய் அவசரத்தில் இழுப்பாள். குழந்தை அழும். சீப்போடு ஒரு கொத்து முடியும் வந்துவிடும்.

“வெட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது” என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள். ஆனால் கொங்கு நாட்டில் பல வீடுகளில் அது நடக்காத காரியம். பழனி முருகனுக்கோ, குலதெய்வத்துக்கோ முடி காணிக்கை நேர்ந்திருப்பார்கள். மொட்டை போடும் நாள் வரை குழந்தையின் தலையில் கத்தரிக்கோல் படக்கூடாது. பெண் குழந்தை மட்டும் அல்ல, ஆண் குழந்தையும் தோளில் முடி புரள ஓடித் திரியும். தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். 3 வயதில் மொட்டை என்றால், அதற்குள் ஏறக்குறைய ஓர் அடி வளர்ந்துவிடும்.

வெட்டவும் முடியாது. குழந்தை அழுவதைப் பார்க்கவும் முடியாது. என்ன செய்வது?

சிக்கு விழுவது ஏன்?

ஒரு முடியை விரலிடுக்கில் பிடித்து, அடியில் இருந்து நுனியை நோக்கித் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக இருக்கும். நுனியில் இருந்து அடியை நோக்கித் தடவுங்கள். சொரசொரக்கும். காரணம், முடியின் மேல் சின்னஞ்சிறு செதில்கள் இருக்கின்றன. ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடுகள் அடுக்கி இருப்பதைப் போல அவை ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். வெயிலும், தூசியும், உரசலும் இந்தச் செதில்களைத் தூக்கிவிடும். ஒரு முடியின் செதில் இன்னொரு முடியில் மாட்டும். அதுதான் சிக்கு.

குழந்தையின் முடி பெரியவர்களின் முடியைவிட மெல்லியது. அதனால் எளிதில் சிக்குவிழும். எளிதில் அறுந்தும் போகும். சுருள் முடி என்றால் கேட்கவே வேண்டாம்!

தண்ணீரும் ஒரு காரணம்

சிறுவாணித் தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைக்கும். திருப்பூர், பல்லடம் பக்கத்து ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிந்து போகும். அந்தத் திரிந்த பிசுக்கு முடியில் ஒட்டிக்கொள்ளும். முடி விறைத்து, ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளும். ஆகவே, உடம்புக்குப் போடும் சோப்பைக் குழந்தையின் தலைக்குப் போடாதீர்கள்.

அரப்பா, ஷாம்பா?

கொங்கு நாட்டுப் பாட்டிமார்களின் கைமருந்து அரப்பு. உசிலை மரத்தின் இலையைக் காயவைத்து இடித்த தூள் அது. வடிகஞ்சியில் கரைத்துத் தேய்ப்பார்கள். அழுக்கும் போகும், முடியும் வழுவழுப்பாகும். உப்புத் தண்ணீரிலும் சோப்பைப் போலத் திரியாது. ஆனால் இரண்டு எச்சரிக்கை. தூளை மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். இல்லையென்றால் திப்பி சிக்கிலேயே தங்கிவிடும். கண்ணில் படாமல் தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றுங்கள். சீகைக்காய்க்கும் இதே கவனம் வேண்டும்.

கடலூரில் 1983ல் தொடங்கிய சிக் ஷாம்பு போன்ற சிறு பாக்கெட்டுகள், பட்டிதொட்டி எல்லாம் ஷாம்புவைக் கொண்டுசேர்த்தன. ஷாம்பு அழுக்கை எடுக்கும். ஆனால் சிக்கை எடுக்காது. அந்த வேலையைச் செய்வது கண்டிஷனர். அது தூக்கி நிற்கும் செதில்களின் மேல் படிந்து, முடியை வழுக்க வைக்கிறது. அதை மண்டையில் தேய்க்கத் தேவை இல்லை. முடியின் நடுவில் இருந்து நுனி வரை தடவி, இரண்டு நிமிடம் விட்டு அலசினால் போதும். குழந்தைகளுக்கு என்று விற்கும், வாசனை குறைந்த சரக்காகப் பார்த்து வாங்குங்கள். கழுவாமல் தெளித்துச் சீவும் சிக்குநீக்கி ஸ்பிரேயும் கிடைக்கிறது. முடியை நேராக்கும் ரசாயனக் கிரீம்கள் மட்டும் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

காசு செலவழிக்காத வழியும் உண்டு. செம்பருத்தி இலையைக் கசக்கினால் வரும் கொழகொழப்பு நல்ல வழுக்கலைத் தரும். பொள்ளாச்சித் தேங்காய் எண்ணெயும் இருக்கிறதே! தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே ஊறிச் சென்று, முடியின் புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்று 2003ல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. குளிப்பதற்கு முன் தடவினால் பலன் அதிகம்.

கீழிருந்து மேலே!

எதைத் தடவினாலும், சீவுகிற முறை தவறினால் பயன் இல்லை. உச்சியில் சீப்பை வைத்து இழுத்தால், பத்துச் சிறு சிக்குகள் கீழே போய் ஒரு பெரிய சிக்காகிவிடும். ஆகவே:

1. தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே பெரிய சிக்குகளை விரலால் பிரித்துவிடுங்கள்.

2. முடியை நான்கு பாகமாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பாகமாக எடுங்கள்.

3. சிக்குக்கு மேலே முடியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். இழுப்பு உங்கள் கையோடு நின்றுவிடும். குழந்தையின் மண்டைக்குப் போகாது.

4. அகலப் பல் சீப்பால் நுனியில் தொடங்குங்கள். நுனி பிரிந்த பிறகு நடு, கடைசியில் அடி.

5. சொட்டச் சொட்ட நனைந்த முடியைப் பல் நெருங்கிய சீப்பால் சீவாதீர்கள். நனைந்த முடி இழுபட்டு அறுந்துவிடும்.

6. துண்டால் பரபரவென்று தேய்க்காதீர்கள். பழைய பருத்தி வேட்டியால் ஒற்றி எடுங்கள்.

பேன் சீப்பை எடுப்பதும் முழுச் சிக்கும் பிரிந்த பிறகுதான்.

இறுக்கிப் பின்னலாமா?

சாயங்காலம் வரை கலையக்கூடாது என்று, நெற்றித் தோல் இழுபடும்படி இரட்டைச் சடை பின்னுகிறவர்கள் உண்டு. இது தவறு. நாள்தோறும் இறுக்கிக் கட்டினால், நெற்றி ஓரத்திலும் காதோரத்திலும் முடி கொட்டும். தொலைவில் உள்ள கிரீன்லாந்துப் பெண்கள் முடியை இறுகக் கட்டியதால் முன்வழுக்கை விழுந்ததை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். தொடக்கத்திலேயே இறுக்கத்தை விட்டுவிட்டால் முடி திரும்ப வளரும். பல வருடம் நீடித்தால் வளராமலே போகலாம். சடை பின்னியதும் “தலை வலிக்குது” என்று குழந்தை சொன்னால், உடனே தளர்த்துங்கள்.

இரவில் படுக்கும் முன் தளர்வாக ஒற்றைச் சடை போட்டுவிடுங்கள். காலையில் பாதி வேலை மிச்சம்.

குழந்தை அழுவது பிடிவாதத்தால் அல்ல, உண்மையிலேயே வலிக்கிறது. பத்து நிமிடம் முன்னதாக எழுந்து, நுனியில் இருந்து தொடங்குங்கள். முடி பழனி போகும் நாள் வரை முழுதாக இருக்கும். குழந்தையும் சீப்பைக் கண்டு ஓடாது!