1918 காய்ச்சல்: இளம் வயதினர் ஏன் அதிகம் இறந்தார்கள்?

இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் வழக்கமாகக் கைக்குழந்தைகளையும் முதியவர்களையும்தான் கொண்டுபோகும். எந்த வயதில் எவ்வளவு சாவு என்று வரைந்து பார்த்தால், கோடு இரு முனைகளிலும் உயர்ந்து நடுவில் தாழ்ந்து கிடக்கும். 1918இல் அந்தத் தாழ்வில் ஒரு மேடு எழும்பியது. அதன் உச்சி 28 வயதை ஒட்டி இருந்தது. அமெரிக்காவில் அந்தக் கொள்ளைநோய்க்குப் பலியானவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் 20 முதல் 40 வயதுக்குள் இருந்தவர்கள்.

அப்படியானால் இளைஞர்களுக்குத்தான் நோய் அதிகம் தொற்றியதா? இல்லை. காய்ச்சலில் படுத்தவர்களின் விகிதம் பள்ளி வயதுப் பிள்ளைகளிடம்தான் மிக அதிகம். அவர்களில் பெரும்பாலோர் சில நாளில் எழுந்துவிட்டார்கள். நோய் யாருக்கு வருகிறது என்பது ஒரு கணக்கு, யார் பிழைக்கவில்லை என்பது வேறு கணக்கு. கொரோனா காலத்துத் தொலைக்காட்சி விவாதங்களிலும் இந்த இரண்டும் ஓயாமல் ஒன்றோடொன்று குழம்பிக்கொண்டே இருந்தன.

இளையவர்கள் ஏன் தாங்கவில்லை? வலுவான உடலின் எதிர்ப்புச் சக்தியே மிகையாகப் பொங்கி நுரையீரலைச் சிதைத்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். இன்னொன்று பிறந்த ஆண்டைப் பார்க்கச் சொல்கிறது. 1918இல் 28 வயதானவர்கள், 1889–90இல் உலகைச் சுற்றிய வேறொரு கொள்ளைநோயின் காலத்தில் பிறந்தவர்கள். குழந்தையாக முதலில் சந்தித்த கிருமிக்கு ஏற்பப் பழகிய உடல், முற்றிலும் வேறான கிருமி வந்தபோது தடுமாறியிருக்கலாம். அவர்களைவிட மூத்தவர்களுக்கோ, 1918 வைரஸின் உறவுக்காரக் கிருமி ஒன்று முன்பே அறிமுகமாகியிருக்க வாய்ப்புண்டு. உச்சி ஏன் அந்த வயதில் விழுந்தது என்பதற்கு இரண்டாவதுதான் நெருங்கிய பதிலாகப் படுகிறது.

வயதைப் பொறுத்தவரை உடலியல் இவ்வளவு தூரம் கைகொடுக்கிறது. இந்தியக் கணக்குகளைத் திறந்தால் அது போதவில்லை.

1918 ஜூனில் பம்பாயில் முதலில் மருத்துவமனைக்கு வந்தவர்கள் ஏழு காவலர்கள். அவர்களில் ஒருவருக்குத் துறைமுகத்தில் பணி. செப்டம்பரில் வந்த இரண்டாம் அலைதான் கொடியது. அக்டோபர் 6 அன்று மட்டும் அந்நகரில் 768 பேர் இறந்தார்கள். நாடு முழுவதும் இறந்தவர்கள் 1.2 கோடிக்கும் மேல் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு, 1.7 கோடி என்பாரும் உண்டு. சாவைப் பதிய வேண்டியவர்களே காய்ச்சலில் கிடந்த காலம் அது, எண்கள் இப்படி விலகுவதில் வியப்பில்லை.

அமெரிக்காவில் ஆண்கள் கூடுதலாக இறந்தார்கள். இங்கே பெண்கள். நோயாளியின் தலைமாட்டில் இருந்து கஞ்சி கொடுத்தது அவர்கள். பற்றாக்குறை வந்தால் கடைசியில் சாப்பிடுவதும் அவர்கள்தான். அந்த ஆண்டு பருவமழை பொய்த்து, தானிய விலை ஏறியிருந்தது.

பம்பாய் நகரின் பதிவுகள் சமூகவாரியாகவும் இருக்கின்றன. ஆயிரம் பேருக்கு இத்தனை என்ற கணக்கில், ஐரோப்பியர்களில் இறந்தவர்கள் 8.3, பார்சிகளில் 9, முஸ்லிம்களில் 19.2. அன்றைய பதிவேடு ‘தாழ்ந்த சாதி இந்துக்கள்’ என்று எழுதிவைத்த மக்களில் 61.6. பரம்பரையிலேயே ஏதோ பலவீனம் என்று இதை விளக்க முயன்றால், அதே பட்டியலின் அடுத்த எண் இடிக்கிறது: மற்ற இந்துக்களில் 18.9 பேர்தான். ஒரே ஊர், ஒரே மதம், மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம். காற்றுப் புகாத ஒற்றை அறையில் எத்தனை பேர் படுத்தார்கள், படுத்தவரால் அன்றைய கூலியை விட முடிந்ததா என்பவற்றைத்தான் அந்த எண் சொல்கிறது.

அடுத்த ஆண்டு பிறப்புகளும் சரிந்தன. போனவர்களில் பலர் பிள்ளை பெறும் வயதினர். இன்றைய இந்திய எல்லைக்குள் 1911இல் 25.21 கோடியாக இருந்த மக்கள்தொகை, 1921இல் 25.13 கோடி.