ஓட்டமும் ஓய்வும்

சென்ற ஆண்டு மாணவர் சங்கங்களுக்கிடையே நடந்த கபடிப் போட்டியில் நம் அணி தோற்றது அன்பர்கள் பலருக்கு நினைவிருக்கும். அணித்தலைவன் என்ற முறையில் அத்தோல்விக்குப் பொறுப்பாளி நானே. நன்றாகப் பாடும் முதலாண்டு மாணவர் ஒருவரையே ஐந்து முறை அடுத்தடுத்து அனுப்பினேன். ஆறாம் முறை அவர் தயங்கினார். "இன்னும் ஒரே ஒரு தடவை, தம்பி" என்றேன். கோட்டைத் தாண்டிச் சென்றவர் திரும்பவில்லை. "கால் என் பேச்சைக் கேட்கவில்லை, அண்ணே" என்றார் பிறகு. ஊக்கம் குறைந்துவிட்டது என்று நான் எண்ணினேன். குறைந்தது ஊக்கமன்று என்பதை எனக்குக் கற்பித்தது ஐஸ் ஹாக்கி.

உறைந்த பனிக்கட்டித் தளத்தின்மேல் எஃகு அலகு பொருத்திய காலணியோடு சறுக்கிச் சென்று, ரப்பர் வட்டு ஒன்றைக் கோலால் அடித்து ஆடுவது அவ்விளையாட்டு. இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள். களத்தில் அணிக்கு அறுவர். அவர்களில் ஒருவர் இலக்குக் காவலர். மற்ற ஐவரும் ஒரு முறை இறங்கினால் ஏறக்குறைய முக்கால் நிமிடமே முழுமூச்சுடன் ஆடுகின்றனர். பிறகு வேலியைத் தாண்டிப் பெஞ்சியில் அமர்ந்துவிடுகின்றனர். ஆட்டம் நிற்பதில்லை, வேறு ஐவர் உள்ளே பாய்கின்றனர். சில நிமிடங்கள் கழித்து முன்னவர் மீண்டும் வருவர். இத்தனை முறைதான் மாறலாம் என்ற விதி கிடையாது.

இஃது ஏன்? விடை தசைக்குள் இருக்கிறது. தசை சுருங்குவதற்கு நேரடியான எரிபொருள் ஏ.டி.பி. என்னும் பொருள். முழு வேகத்தில் அதன் கையிருப்பு இரண்டு மூன்று விநாடிக்கே காணும். அது குறையக் குறைய நொடியில் ஈடுசெய்வது கிரியேட்டின் பாஸ்பேட். அதுவும் பத்து விநாடி அளவில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தசையிலுள்ள சர்க்கரைச் சேமிப்பும் பிராணவாயு இன்றியே சிதைந்து ஆற்றல் தருவதுண்டு. ஆனால் அவ்வளவு விரைவாகத் தராது. எனவே வேகம் தளர்கிறது.

இந்தக் கிரியேட்டின் பாஸ்பேட்டை 1927-இல் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து கண்டறிந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, கடல் கடந்து சென்றவர் அவர். அதே ஆண்டில் இங்கிலாந்தில் எக்கிள்டன் தம்பதியரும் தனியே இதனைக் கண்டனர். ஊரை விட்டு வந்து படிக்கும் நமக்குச் சுப்பாராவின் பெயர் இன்னும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டாமா?

செலவானது எவ்வாறு மீள்கிறது? ஊற்றுக் கிணற்றை எண்ணிப் பாருங்கள். விரைந்து இறைத்தால் அடி தெரியும். சற்றே விட்டால் நீர் ஊறும். முதலில் வேகமாகவும், போகப் போக மெதுவாகவும் ஊறும். கிரியேட்டின் பாஸ்பேட்டும் அப்படியே. இழந்ததில் பாதி அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்திற்குள் மீளும். மீதி நிரம்ப மூன்று நான்கு நிமிடமும், சிலவேளை அதற்கு மேலும் ஆகும். பெஞ்சியில் கழியும் நேரத்தின் பொருள் இப்போது விளங்குகிறதன்றோ?

ஊற்றுக்கு நீர் எங்கிருந்து வருகிறது? பிராணவாயுவிலிருந்து. 1976-இல் ஹாரிஸ், ஹல்ட்மன் முதலியோர் தொடைத்தசையிலிருந்து ஊசியால் சிறு துணுக்கெடுத்து இதனை ஆராய்ந்தனர். காலுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைத் தடுத்தபோது, எவ்வளவு ஓய்ந்திருந்தும் கிரியேட்டின் பாஸ்பேட் மீளவில்லை! ஆகவே, குறுவிரைவு ஆட்டக்காரருக்கும் நெடுந்தூர ஓட்டப் பயிற்சி வீணன்று. பாய்வதற்கு அதனால் பயன் குறைவாயினும், பாய்ச்சலுக்குப் பின் மீள்வதற்கு அது உதவுகிறது.

லாக்டிக் அமிலமே களைப்பின் காரணம் என்று நெடுங்காலம் சொல்லி வந்தனர். அக்கருத்து இன்று தளர்ந்துவிட்டது. லாக்டேட்டை இதயமே எரிபொருளாகக் கொள்கிறது.

நம் நாட்டிலும் இவ்விளையாட்டு உண்டு. என் விடுதியிலுள்ள லடாக் நண்பர் குளிர்காலத்தில் உறைந்த குளத்தில் ஆடி வளர்ந்தவர். லே நகரின் உயரம் ஏறத்தாழ 3500 மீட்டர். காற்றழுத்தம் கடற்கரையிலுள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. மூச்சுக்கு மூச்சு பிராணவாயு குறைவு, மீட்சியும் தாமதம். "அங்கே பெஞ்சிக்குப் போக யாரும் வெட்கப்படுவதில்லை" என்றார் அவர். லடாக் பெண்கள் பெரும்பாலோராக இருந்த இந்திய மகளிர் அணி 2025-இல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது.

இனி நம் கபடிக்கு வருவோம். ஒருவர் பாடிச் செல்ல 30 விநாடி. எதிரணி பாடி வர 30 விநாடி. அவ்விடைவேளையிலும் நம்மவர் சும்மா நிற்பதில்லை, பிடிக்க வேண்டும். பாதி ஊறுமுன்னே நான் மீண்டும் வாளியை இறக்கினேன். ஒவ்வொரு முறையும் நீர்மட்டம் கீழே போயிற்று. ஆறாம் முறை கயிறுதான் மிஞ்சியது. தம்பி என்னிடம் சொன்னது சாக்கன்று; உடலியல் உண்மை.

இவ்வாண்டும் போட்டி வருகிறது. பாடத் தெரிந்தவர் ஒருவர் போதாது. மூவர் வேண்டும், முறைவைத்துப் பாட வேண்டும். "நமக்கு வராது" என்று ஒதுங்கி நிற்கும் நண்பர்கள் மாலையில் மைதானத்திற்கு வருக. சென்ற ஆண்டு தோற்ற தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இம்முறை அவர் போதும் என்றால், போதும்.