காமிரா கண் திறக்கவில்லையா?

வில்லியனூர், பாகூர் வட்டார வியாபாரிகளுக்குக் கணிப்பொறி புதிதல்ல. 1998-ல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துச் சுற்றுக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. தொலைபேசி சரிவர இல்லாத ஊர்களுக்கு ரேடியோ அலை வழியே செய்தி போயிற்று. இன்று கடை மேசையிலேயே கணிப்பொறி. அதன் காமிரா கறுத்துப் போனால் மட்டும் கையைப் பிசைகிறோம்.

இதில் நஷ்டம் உண்டு. வீடியோ மூலம் வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்க ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் அனுமதித்தது. 2021 மே மாதம் தனிநபர் நடத்தும் கடைகளுக்கும் அது விரிந்தது. கடைப் பெயரில் கணக்குத் திறக்க, வங்கி அதிகாரி நம் முகத்தையும் பான் அட்டையையும் நேரலையில் பார்ப்பார். இணைப்பு அறுந்தால் மறுபடி முதலிலிருந்துதான். சரக்கு இறங்கும் நேரத்தில் இது யாருக்கு முடியும்?

ஆகவே முந்தின நாளே பார்த்துவிடுங்கள். முதலில் லென்ஸ் மேல் சின்ன மூடி இருக்கிறதா? சிரிப்பு வரும், ஆனால் பல நேரம் குற்றவாளி அதுதான். மடிக்கணினியானால் காமிரா படம் போட்ட பொத்தான் அணைந்திருக்கலாம். தனிக் காமிராவின் வயரைப் பிடுங்கி, வேறு துளையில் நேரடியாகச் செருகுங்கள். அரிசித் தூசும் மிளகாய்த் தூளும் பறக்கும் கடையில் லென்ஸை மெல்லிய துணியால் துடைப்பதும் அவசியம்.

அடுத்து, வேறு ஏதாவது வீடியோ புரோகிராம் திறந்திருந்தால் மூடுங்கள். ஒன்று பிடித்திருக்கும் காமிரா பெரும்பாலும் இன்னொன்றுக்குக் கிடைக்காது. விண்டோஸ் செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் காமிரா என்ற இடத்தில் அனுமதி வேண்டும். பிரவுசர் கேட்கும் அனுமதி தனி. முன்பு மறுத்திருந்தால், முகவரிக்குப் பக்கத்திலுள்ள குறியைத் தொட்டு மாற்றலாம்.

இத்தனைக்கும் மசியாவிட்டால் டிவைஸ் மேனேஜரில் காமிராவை நீக்கி, கணிப்பொறியை அணைத்துப் போடுங்கள். டிரைவர் மறுபடி ஏறிவிடும். புதுக் காமிரா வாங்க அவசரப்பட வேண்டாம். 2016 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு, நல்ல காமிராக்கள் பலவற்றையே உறைய வைத்தது.

ஒன்று மட்டும் கவனம். "வங்கியிலிருந்து பேசுகிறோம், காமிராவைச் சரிசெய்து தருகிறோம், இந்த ஆப்பை ஏற்றுங்கள்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். உங்கள் திரை அவர் கைக்குப் போனால் கல்லாப்பெட்டியும் போகும்.

அவசரமானால் வங்கி அனுப்பிய இணைப்பைக் கைப்பேசியில் திறந்து பாருங்கள். பல வங்கிகளில் அதிலேயே வேலை முடியும்.